பிரம்பு போனதால்தான் அருவாள் வந்ததா?

16 ஏப்ரல் 2025, காலை (வாசகர் கேள்வி)

நேற்று பாளையங்கோட்டையில ஒரு தனியார் பள்ளியில எட்டாம் வகுப்புப் பையன் கூடப் படிக்கிறவனை வகுப்பறைக்குள்ளேயே அருவாளால வெட்டியிருக்கான். தடுக்கப் போன டீச்சருக்கும் வெட்டு. பென்சில் தகராறாம். எங்க காலத்துல வாத்தியார் கையில பிரம்பு இருந்துச்சு, பயம் இருந்துச்சு, இந்தக் கூத்தெல்லாம் இல்ல. பிரம்பைப் பிடுங்கினாங்க, அருவா வந்துடுச்சு. இதுல பேச வேற என்ன இருக்கு?

16 ஏப்ரல், இரவு

நிறைய இருக்கிறது. தென் மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். பிரம்பு இருந்த காலத்திலும் வகுப்பெடுத்திருக்கிறேன், இல்லாத காலத்திலும் எடுத்திருக்கிறேன்.

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, பிள்ளைகளை அடிக்கக்கூடாது என்றது. அதற்கு முன்னால் பீரோ மேல் பிரம்பு கிடக்கும். அது யார் மேல் விழுந்தது என்று யோசித்துப் பாருங்கள். கேட்க ஆள் இல்லாத பையன் மேல் விழுந்தது. அப்பா காட்டு வேலைக்குப் போகிறவர், பள்ளிக்கூட வாசலுக்கு வரவேண்டுமென்றால் அன்றைக்குக் கூலி போய்விடும். அந்தப் பையன் முதுகில் தாராளமாக விழும். பிரசிடெண்ட் வீட்டுப் பையன் அதே தப்பைச் செய்தால் காதைத் திருகி "அடுத்த தடவை பாரு" என்று விட்டுவிடுவார்கள். மொத்த வகுப்பும் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. நான் நடத்திய வேதியியலைவிட அந்தப் பாடம் அவர்களுக்கு நன்றாகவே மண்டையில் ஏறியது.

அப்புறம் "எங்க காலத்துல" என்றால் எந்தக் காலம்? 1995-இல் கொடியன்குளத்தில் பட்டியல் சாதி மக்கள் வீடுகளுக்குள் போலீஸ் புகுந்து நொறுக்கியது எந்தக் காலம்? 1997-இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு, பட்டியல் சாதி மக்கள் கொண்டாடும் கட்டபொம்மன் படைத்தளபதி வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்ததற்கு எழுந்த கலவரம் எந்தக் காலம்? அடங்காமல், கடைசியில் எல்லாத் தலைவர்கள் பெயரையும் பஸ்ஸிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் எடுத்தார்கள். நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் திருநெல்வேலி ஆனது, காமராஜர் மாவட்டம் விருதுநகர் ஆனது. அப்போது எங்கள் எல்லோர் மேஜையிலும் பிரம்பு இருந்தது ஐயா.

17 ஏப்ரல்

கீழே இரண்டு பேர் அந்தப் பையன்களின் பெயரையும் ஜாதியையும் மதத்தையும் எழுதியிருக்கிறீர்கள். எடுத்துவிடுங்கள். சிறுவர்களின் அடையாளத்தை வெளியிடக்கூடாது என்கிற இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அதை விடுங்கள், இரண்டும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள்.

பாளையங்கோட்டைச் சம்பவத்துக்கு ஜாதி காரணம் என்று நான் சொல்லவில்லை. வெட்டிவிட்டு அந்தப் பையன் தானே போய் போலீஸில் சரணடைந்திருக்கிறான். பயம் இல்லாததால் வெட்டினான் என்பவர்கள் இதற்கு என்ன சொல்வீர்கள்? பென்சில் பிரச்சினை தொடங்கியதும் அன்றைக்கில்லை என்கிறார்கள். தொடங்கிய நாளுக்கும் அருவாள் வந்த நாளுக்கும் நடுவில் இருந்த நாட்களைப் பற்றித்தான் நான் பேச வந்தேன்.

19 ஏப்ரல்

நாங்குநேரியை எடுத்துக்கொள்வோம். அந்த நடுநாட்கள் அதில் பளிச்சென்று தெரியும்.

2023 ஆகஸ்ட் 9 ராத்திரி. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் பட்டியல் சாதிப் பையனை, வள்ளியூரில் அவனோடு ஒரே பள்ளியில் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். குறுக்கே விழுந்த தங்கச்சிக்கும் வெட்டு. அந்தக் களேபரத்தில் சொந்தக்காரப் பெரியவர் ஒருவர் மயங்கி விழுந்து இறந்தார். பிடிபட்டவர்கள் எல்லாம் பதினெட்டு வயதுக்குக் கீழே.

பத்திரிகைகளுக்கு அந்த ராத்திரிதான் செய்தி. அதற்கு முந்தி நடந்ததைப் பாருங்கள். அவனைக் கடைக்கு அனுப்பி சிகரெட் வாங்கிவரச் சொல்லியிருக்கிறார்கள். எடுபிடி வேலை வாங்கியிருக்கிறார்கள். பையன் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே இருந்துவிட்டான். ஏன் வரவில்லை என்று பள்ளி விசாரிக்க, விஷயம் வெளியே வந்தது. புகார் எழுதிக் கொடுத்தான். எழுதிக் கொடுத்த அன்று ராத்திரிதான் வெட்டு.

அதாவது முறையாகப் புகார் கொடுத்தவன் வெட்டுப்பட்டான். இனி எந்தப் பையன் வாத்தியாரிடம் வந்து சொல்வான்? பள்ளிக் கல்வி உதவி எண் 14417-க்குப் போன் பண்ணு, குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் பண்ணு என்று சுவரில் எழுதி வைத்திருக்கிறோம். போன் பண்ணியவன் வீட்டு வாசலில் அன்று ராத்திரி யார் நிற்பார்கள் என்பது அந்தச் சுவரில் இல்லை.

நான் பார்த்த வகுப்புகளிலும் இப்படித்தான் தொடங்கும். "எலேய், தண்ணி பாட்டிலை ரொப்பிட்டு வா." தினமும் ஒரே பையன்தான் ரொப்பிவருவான். பார்க்கிறவர்களுக்கு சிநேகிதம் போலத் தெரியும். அவனும் சிரித்துக்கொண்டேதான் போவான். என்றைக்கோ ஒரு நாள் "நீயே போய் ரொப்பு" என்று சொல்வான். அன்றைக்குத் தொடங்கும் சண்டை.

20 ஏப்ரல்

ஒரு நண்பர் நினைவுபடுத்தினார், சரிதான். 90களின் கலவரங்களுக்குப் பிறகு நீதிபதி இரத்தினவேல் பாண்டியன் தலைமையில் குழு போட்டார்கள். தென் மாவட்ட இளைஞர்களுக்கு வேலை இல்லாதது பெரிய காரணம், தொழிற்சாலை கொண்டுவாருங்கள் என்றது அந்தக் குழு. அதை ஒட்டித்தான் தொழிற்பூங்கா பேச்சு எழுந்தது. எந்த ஊரில்? நாங்குநேரியில். நிலம் எடுத்தார்கள், அடிக்கல் நாட்டினார்கள். ஆலைகள் வந்தபாடில்லை. அடுத்த தலைமுறைப் பையன்கள் அதே ஊர்ப் பேரை வேறு காரணத்துக்காகப் பேப்பரில் வரவைத்தார்கள்.

22 ஏப்ரல்

"கையில கயிறு கட்டுறது எங்க நம்பிக்கை, சாமி கயிறு, அதுல கை வைக்க இவனுக யாரு?"

சாமி கயிறு வேறு, என்ன ஜாதி என்று நிறத்தில் காட்டப் பையன்கள் கையில் கட்டும் இந்தக் கயிறு வேறு என்று கேட்டவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எந்த நிறம் யாருக்கு என்று இங்கே பட்டியல் போடமாட்டேன். படித்துவிட்டு நாலு பேர் கடைக்குப் போய் வாங்குவான்.

2015-இலேயே திருநெல்வேலி மாவட்ட நிர்வாகம் கயிறு கூடாது என்றது. 2019-இல் பள்ளிக் கல்வி இயக்குநர் மாநிலம் முழுக்கச் சுற்றறிக்கை விட்டார். பயிற்சிக்கு வந்த இளம் ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் பள்ளிகளைப் பார்த்துவிட்டுச் சொன்னதன் பேரில் வந்த சுற்றறிக்கை அது. கூச்சல் எழுந்தது. துறை அமைச்சரே பழைய நடைமுறைதான் தொடரும் என்று சொல்லிவிட்டார். 2022 ஏப்ரலில் பாப்பாக்குடி பக்கம் பள்ளக்கால் பொதுக்குடி அரசுப் பள்ளியில் கயிற்றை வைத்து எழுந்த சண்டையில் பன்னிரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் செத்தே போனான்.

நாங்குநேரிக்குப் பிறகு, பள்ளிகளில் ஜாதிச் சண்டையைத் தடுக்க வழி சொல்ல ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு குழு போட்டது. 2024 ஜூன் 18-இல் முதல்வரிடம் அறிக்கை கொடுத்தார்கள், 600 பக்கத்துக்கு மேல். கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு வேண்டாம். சைக்கிளில் ஜாதி நிறம் வேண்டாம். பிள்ளைகளை அகரவரிசையில் உட்கார வையுங்கள். வருகைப் பதிவேட்டில் ஜாதி தெரியக்கூடாது. கள்ளர் சீரமைப்புப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப்பள்ளி என்ற பெயர்களை எடுத்துவிட்டு அரசுப் பள்ளி என்று மட்டும் போடுங்கள். இவற்றை டிவியில் நாலு நாள் பேசினார்கள். இதைவிட முக்கியமான ஒன்றைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

23 ஏப்ரல்

சிரிக்க ஒன்று. நான் இருந்த பள்ளியில் ஒரு தடவை கயிற்றையெல்லாம் அறுத்து அட்டைப்பெட்டியில் போட்டார் ஹெச்.எம். அடுத்த வாரம் எல்லாப் பயல்களும் ஷூ லேஸை மாற்றிவிட்டான்கள். லேஸைப் பிடித்தால் சட்டைக்குள் பனியன் நிறம் மாறியது. பி.டி. சார் கையெடுத்துக் கும்பிட்டு, "சார், விடுங்க, அடுத்து பல்லுக்குப் பெயிண்ட் அடிச்சிட்டு வருவானுவ" என்றார்.

அதற்காகத் தடையே வேண்டாம் என்பதில்லை. கயிறு இல்லாவிட்டால் புதிதாக வருகிற ஆறாம் வகுப்புப் பொடியன் எந்தக் கூட்டத்தில் சேர்வது என்று முதல் நாளே முடிவெடுக்க வேண்டியதில்லை. அவனுக்கு இரண்டு வருஷம் தள்ளிப்போகும். அந்த இரண்டு வருஷம் லேசானதில்லை.

27 ஏப்ரல்

சொன்னதற்கு வருகிறேன். சந்துரு குழு ஆசிரியர்களைப் பற்றியும் எழுதியது. தலைமையாசிரியர்களையும் கல்வி அதிகாரிகளையும் அந்தப் பகுதியில் ஆதிக்கமாக இருக்கும் ஜாதியிலிருந்து போடாதீர்கள், ஒரே இடத்தில் வைத்திருக்காமல் மாற்றிக்கொண்டிருங்கள் என்றது. எங்கள் சங்கங்களுக்கு இது கசந்தது. எனக்கே படித்தவுடன் கசந்தது. நாங்கள் என்ன குற்றவாளிகளா?

ஆனால் பதினோரு மணிக்கு ஆசிரியர் அறைக்கு டீ வரும்போது யார் யாரோடு உட்காருகிறார்கள் என்று பாருங்கள். வெளியூர்க்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்தால், ஒரு வாரத்தில் ஊரில் எத்தனை தெரு, எது எந்தத் தெரு என்று சொல்லிவிடுவார். சண்டை போட்டு வந்து நிற்கிற பையனிடம் "நீ நம்ம பய, இப்படிச் செய்யலாமா" என்று அன்பாகக் கண்டிக்கிற ஆசிரியர் எல்லாப் பள்ளியிலும் உண்டு. கெட்ட மனுஷன் இல்லை. ஃபீஸ் கட்ட முடியாதவனுக்குத் தன் பையிலிருந்து கொடுப்பவர்தான். அந்த "நம்ம" என்ற சொல்லைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்கிற இன்னொரு பையன், நாம இவருக்கு யாரோ என்று தெரிந்துகொண்டு வெளியே போவான்.

4 மே

இதை எழுதலாமா என்று சில நாள் யோசித்தேன்.

பள்ளிக்குள் சண்டை நடந்தால் அடுத்த ஒரு மணி நேரத்தில் ஹெச்.எம்.முக்குப் போன் வரும். ஊர்ப் பெரியவர், கட்சிக்காரர், பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்காரர். "சின்னப் பயலுவ சண்டை சார், கேஸு கீஸுன்னு போவாண்டாம். பேசி முடிச்சிருவோம்." பேசி முடிப்பார்கள். ஒரு வெள்ளைத்தாள், இரண்டு தரப்புக் கையெழுத்து. ஏட்டையாவும் சமாதானத்துக்கே வாக்களிப்பார், எஃப்.ஐ.ஆர். எழுதுகிற வேலை மிச்சம். எல்லோரும் டீ குடித்துவிட்டுக் கிளம்புவார்கள்.

அதற்கு அடுத்த மாதம் ஒரு பையன் டி.சி. வாங்கிக்கொண்டு போவான். நான் பார்த்த வரைக்கும் போகிறவன் அடி வாங்கிய பையன்தான். "அவன் பாதுகாப்புக்காகத்தான்" என்பார்கள். அடித்தவனுக்கு அட்வைஸ், அடிபட்டவனுக்கு டி.சி. போகிற பள்ளி தூரமாக இருக்கும், இரண்டு பஸ் மாற வேண்டும், பாதிப் பேர் ஒரு வருஷத்தில் திருப்பூருக்கோ கோயம்புத்தூருக்கோ வேலைக்குப் போய்விடுவான்கள். சான்றிதழில் "பெற்றோர் விருப்பம்" என்று இருக்கும்.

அடித்தவனுக்கு என்ன தெரிந்தது? அடித்தால் எதிராளி போய்விடுவான் என்று தெரிந்தது. ஊர் தனக்குப் பின்னால் நிற்கும் என்று தெரிந்தது. அடுத்த கோயில் கொடை விழாவுக்கு வைக்கிற ஃப்ளெக்ஸில் அவன் படமும் இருக்கும், கறுப்புக் கண்ணாடி போட்டு, இன்னும் மீசை முளைக்காத முகம். அந்த ஃப்ளெக்ஸுக்குக் காசு கொடுத்தவன் பதினாறு வயசுப் பையன் இல்லை.

பிரம்பை எடுத்ததால் வந்தது என்கிறவர்களுக்கு என் பதில் இந்தப் பதிவுதான்.

5 மே

"எங்க ஊர்ல அடிச்சவனுக்குத்தான் டி.சி. கொடுத்தாங்க" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நல்லது. அங்கே ஹெச்.எம். யார், எந்த ஊர்க்காரர் என்று கேட்டுச் சொல்லுங்கள். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

12 மே

சென்னைக்காரர் ஒருவர்: "இது உங்க தெக்கத்திப் பிரச்சினை. இங்க ஜாதியே கிடையாது, ரூட்டுதான். ஆனாலும் வெட்டிக்கிறானுங்களே?"

நியாயமான கேள்வி, இரண்டு நாளாக இதே நினைப்பு. கல்லூரி மாணவர்கள், பஸ் ரூட்டு வாரியாகக் கூட்டம், ஒவ்வொரு ரூட்டுக்கும் ஒரு 'தல', பஸ் டே அன்றைக்குக் கூரை மேல் ஆட்டம். பச்சையப்பன், மாநிலக் கல்லூரி இரண்டுக்கும் பல வருஷப் பகை. 2019 ஜூலையில் அரும்பாக்கத்தில் பட்டப்பகலில் பஸ்ஸில் பட்டாக்கத்தி வீசினார்கள். 2024 அக்டோபரில் சென்ட்ரல் பக்கம் தாக்கப்பட்ட மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் இறந்தார். வெட்டுகிறவனும் வெட்டுப்படுகிறவனும் பெரும்பாலும் வட சென்னையிலிருந்தும் திருவள்ளூர்ப் பக்கமிருந்தும் வருகிற, வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்த பையன்கள்.

அப்போது ஜாதி காரணமில்லையா, பையன்கள் பஸ் நம்பரை வைத்துக்கூடக் கட்சி கட்டிக்கொள்வார்களா? ஆமாம், கட்டிக்கொள்வார்கள். அந்த வயசுக்கு ஒரு கூட்டம் வேண்டும், ஒரு கெத்து வேண்டும். வேறு எதிலும் கெத்து காட்ட வழியில்லாதவனுக்கு ஃபுட்போர்டு கிடைக்கிறது. அந்த மட்டில் நெல்லையும் சென்னையும் ஒன்று.

வித்தியாசம் ஒன்று உண்டு. டிகிரி முடிந்தால் ரூட்டு முடிந்துவிடும். முன்னாள் 'தல' டெலிவரி வேலைக்குப் போகும்போது எதிர் ரூட்டுக்காரனே பில்லில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வான். எங்கள் பக்கம் பகை அவன் பிறக்கும் முன்பே இருக்கிறது, பள்ளிக்கூடம் அதற்கு ஒரு மைதானம்தான். இந்த மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் பதினொன்றாம் வகுப்புப் பையன் பரீட்சை எழுதப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தான். வழிமறித்துக் கை விரல்களை வெட்டினார்கள். கபடிப் போட்டியில் தோற்ற ஆத்திரம் என்று வீட்டார் சொன்னார்கள். கபடியில் தோற்றால் எல்லா ஊரிலும் கோபம் வரும். யாரிடம் தோற்றோம் என்பதற்கு இங்கே வேறு விலை.

18 மே

ஒரு டீச்சர் எழுதியிருக்கிறார், பெயர் போடவேண்டாம் என்றார். "நீங்கள் ரிட்டயர்ட், பேசலாம். எனக்கு ஒன்பது 'சி'க்குள் போகவே பயமாக இருக்கிறது. கண்டித்தால் பெற்றோர் வருகிறார்கள், கண்டிக்காவிட்டால் அதிகாரி வருகிறார்."

இதற்கு என்னிடம் சாமர்த்தியமான பதில் இல்லை. 2012 பிப்ரவரியில் சென்னையில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் தன் ஆசிரியையை வகுப்பறையிலேயே குத்திக் கொன்றான். அதற்குப் பிறகு நடமாடும் உளவியல் ஆலோசனை வண்டி வந்தது. ஒரு வண்டி பல மாவட்டம் சுற்றும். நான் பணியில் இருந்தபோது எங்கள் பள்ளிக்கு ஒரு தடவை வந்தது. ஆலோசகர் நல்ல மனுஷர், மைதானத்தில் மொத்தப் பள்ளியையும் உட்காரவைத்துக் கோபத்தை எப்படி அடக்குவது என்று மைக்கில் பேசினார். பிள்ளைகள் கைதட்டினார்கள். தனியாகப் பேச வேண்டியவன் கடைசி வரிசையில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான்.

பிரம்புக் கட்சிக்கு ஒன்றை விட்டுக்கொடுக்கிறேன். பிரம்பு இருந்தபோது ஆசிரியர் இடைவேளையில் மைதானத்தில் நடந்தார், சைக்கிள் ஸ்டாண்டில் நின்றார், பஸ் ஏற்றிவிட்டுப் போனார். பிரம்பு போனதும் அந்த நடையும் நின்றுவிட்டது. அதற்குப் பதிலாக மாணவர் விவரங்களை எமிஸ் என்கிற அரசு ஆப்பில் பதிவேற்றும் வேலை வந்து உட்கார்ந்துகொண்டது. பழைய ஆட்கள் ஏங்குவது அந்த நடைக்கு என்றால் நானும் அவர்களோடு சேர்ந்துகொள்கிறேன். நடப்பதற்குப் பிரம்பு தேவையில்லை.

19 மே

ரீல்ஸ், சினிமா, கூல் லிப் என்கிற புகையிலைப் பொட்டலம் பற்றி ஏன் எழுதவில்லை என்கிறீர்கள். எழுதுகிறேன். கூல் லிப் உண்மையான பிரச்சினை. உதட்டுக்குள் வைத்துக்கொண்டு பாடம் கவனிப்பான், நமக்குத் தெரியவே தெரியாது. 2024-இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளையே இதைப் பற்றிக் கேள்வி கேட்டது. ரீல்ஸில் அருவாளோடு பின்னணி இசை போட்டு வருகிறான் என்பதும் உண்மை. ஆனால் அருவாள் வீட்டில் இருக்கிறது, தேங்காய் வெட்ட, முள்ளு வெட்ட. ஃபோன் வருவதற்கு முன்னாலும் இருந்தது.

பெண் பிள்ளைகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆண்கள் நிறைந்த கூடம் போல. பாதிச் சண்டைக்கு முதல் காரணம் ஒரு பெண் யாரோடு பேசினாள் என்பதுதான். அவளிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. சண்டை முடிந்ததும் அவள் படிப்பு நிற்கும். டி.சி. பட்டியலில் அவளும் உண்டு.

3 ஜூன்

பள்ளி திறந்துவிட்டது. "இவ்வளவு எழுதினீங்க, நான் ஒரு அப்பன், நான் என்ன செய்ய?" என்று கேட்டவருக்கு.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி இடம் பெற்றோருக்கு. 2009 சட்டமே அப்படித்தான் சொல்கிறது. அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ, கூட்டத்துக்குப் போங்கள், கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்து வராதீர்கள். போன வருஷம் பாதியில் டி.சி. வாங்கிப் போனவர்கள் எத்தனை பேர், எந்த வகுப்பு, எந்த மாதம் என்று கேளுங்கள். பெயரும் ஜாதியும் கேட்க வேண்டாம். ஒரே மாதத்தில் ஒரே வகுப்பிலிருந்து இரண்டு மூன்று பேர் போயிருந்தால் அந்த மாதம் என்ன நடந்தது என்று கேளுங்கள். ஹெச்.எம். முகத்தைப் பார்த்தே பாதி தெரிந்துவிடும். "அதெல்லாம் ஆஃபீஸ் ரெக்கார்டு" என்று மழுப்பினால் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி ஆர்.டி.ஐ. (தகவல் உரிமை மனு) போடுங்கள்.